மடிக்கணினி எனக்குக் கற்பித்த பாடம்

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா நினைவாக நம் பங்குப் பள்ளிக்கு மடிக்கணினிகள் வாங்கிக் கொடுப்பது என்று விழாக்குழுவினர் தீர்மானித்திருக்கிறார்கள். நல்ல தீர்மானம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் வாங்குவது எளிது; வழங்குவது அதனினும் எளிது. அதற்குப் பிறகு வருவதுதான் கடினம். அந்த இடத்தில் நான் ஒருமுறை தடுக்கி விழுந்தவன். ஆகவே அந்த அனுபவத்தை உங்கள் முன் வைப்பது என் கடமை என்று எண்ணுகிறேன்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமன்றி அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் அது கிடைத்தது. அப்போது நான் கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த மேல்நிலைப் பள்ளிக்கு நானே தாளாளர். குருமடத்தில் எனக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள், கணினி கற்பிக்கவில்லை. ஆயினும், தாளாளர் நாற்காலியில் அமர்ந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் என்னிடம் குறைவின்றி இருந்தது.

2012-இல் எங்கள் பிளஸ் டூ மாணவர்களுக்கான பெட்டிகள் வந்து இறங்கின. பதிவேடு போட்டோம். எந்திரத்தின் எண், மாணவர் கையொப்பம், பெற்றோர் கையொப்பம் எல்லாம் ஒழுங்காக ஏறின. "வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள், பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம், தொலைந்தால் பள்ளி பொறுப்பல்ல" என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தேன். வகுப்பறையில் இருந்ததோ ஒரே ஒரு பிளக். அந்த ஆண்டின் மின்வெட்டையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனவே என் அறிவிப்பு எனக்கு மிகவும் நியாயமாகவே பட்டது. படிக்கக் கொடுத்த கருவியைப் படிக்கும் இடத்துக்குள் வரவிடாமல் செய்துவிட்டு, பொறுப்பாக நடந்துகொண்டதாக நினைத்தேன்.

சில மாதங்களில், பிள்ளைகள் சிலர் மடிக்கணினியை விற்றுவிட்டதாக ஊரில் பேச்சு எழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், "வரும் திங்கட்கிழமை எல்லோரும் கொண்டுவந்து காட்ட வேண்டும், காட்டாதவர்கள் பெயர் அறிவிப்புப் பலகையில் எழுதப்படும்" என்றேன்.

திங்கட்கிழமை ஒரு மாணவி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை. பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தது. வியாழக்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய் வாசலிலேயே நின்று சொன்னார்: "சாமி, கார்த்திகையிலிருந்து கடல் சரியில்லை. படகு கரையிலேயே கிடக்கு. அவ பெட்டியை அடகு வெச்சுத்தான் அரிசி வாங்கினோம். பேரை எழுதிப் போட்டுடுவாங்கன்னு பிள்ளை அழுவுது. இனிப் பள்ளிக்கூடமே வேண்டாங்குது."

அன்று நான் கூசிப்போனேன். எந்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போய், பிள்ளையைத் தொலைக்க இருந்தேன். "அம்மா, பலகையில் யார் பெயரும் வராது. நாளைக்கு அவளை அனுப்பி வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் ஆசிரியர்களை அழைத்து நடந்ததைச் சொன்னேன். "இத்தனை மாதங்களில் யாராவது இந்தக் கருவியை வைத்து ஒரு பாடமாவது நடத்தினீர்களா?" என்று கேட்டேன். அறை அமைதியாயிற்று. ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்த இயற்பியல் ஆசிரியர் மெல்லச் சொன்னார்: "ஃபாதர், முப்பது வருஷமாகச் சாக்பீஸ் பிடித்த கை இது. பிள்ளைகள் முன்னால் தடுமாறினால் அப்புறம் என்னை யார் மதிப்பார்கள்?"

அவர் சொன்னது என் மனத்திலும் இருந்த அச்சம்தான். அவர் வாய்விட்டுச் சொன்னார். நான் உத்தரவு போட்டு மறைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் வேறுபாடு.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் வகுப்பறைப் பெஞ்சில் நானும் ஆறு ஆசிரியர்களும் அமர்ந்தோம். கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு மாணவர்கள். கோப்பு ஒன்றைச் சேமிக்கத் தெரியாமல் நான் மூன்று முறை தவறு செய்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆசிரியர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அறையிலிருந்த பயம் போய்விட்டது. சில வாரங்களில் அந்த இயற்பியல் ஆசிரியர், ஓம் விதிச் சோதனையில் மாணவர்கள் எடுத்த மின்னழுத்த, மின்னோட்ட அளவுகளை மடிக்கணினியில் இட்டு வரைபடம் ஆக்கினார். புள்ளிகள் நேர்க்கோட்டில் வந்து நின்றன. ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றது. "அளவு எடுத்ததில் எங்கோ பிழை, திரும்ப எடுங்கள்" என்றார். அன்றுதான் எங்கள் பள்ளிக்கு உண்மையாகவே மடிக்கணினி வந்து சேர்ந்தது.

விதிகளையும் மாற்றினோம். வாரம் இருமுறை பள்ளிக்குக் கொண்டுவரலாம்; இருவருக்கு ஒன்று போதும்; யாரிடம் இல்லை என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த மாணவி தோழியின் அருகில் அமர்ந்து கற்றாள். கடல் அடங்கி மீன்பாடு வந்ததும் அவளுடைய தந்தையே அதை மீட்டுக் கொண்டுவந்தார். பின்னாளில் பள்ளிகளுக்கு அந்த வழங்கல் நின்றுபோயிற்று. ஆயினும் நான் கற்ற பாடம் நிற்கவில்லை.

வெளிநாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. பெரு நாட்டின் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் செய்யப்பட்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பிள்ளைக்கு ஒன்றாக மடிக்கணினி கொடுத்து 15 மாதங்கள் ஆன பின்னும், கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை என்று அது கண்டது. கருவி வந்தது, பாடம் நடத்தும் முறை மாறவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஆளுநர் ஆங்கஸ் கிங் முயற்சியால் 2002-இல் அரசுப் பள்ளிகளின் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தபோது, ஆசிரியர்களுக்கும் கொடுத்தார்கள். அவர்களுக்கான பயிற்சியையும் திட்டத்தோடு சேர்த்தே வைத்தார்கள். கருவியைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, திரட்டும் பணம் முழுவதையும் எந்திரத்துக்கே செலவிட்டுவிடாதீர்கள். வகுப்பறையில் மின் இணைப்பு வேண்டும். மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். பழுது பார்க்க வேண்டும். அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். இரண்டாவது, பெட்டிகள் முதலில் ஆசிரியர் கைக்குப் போகட்டும். அவர்கள் தடுமாறிக் கற்க ஒரு பருவமாவது அவகாசம் கொடுங்கள். குறை சொல்ல விரையாதீர்கள். மூன்றாவது, உடைந்தாலும் தொலைந்தாலும் அடகுக்குப் போனாலும், எந்தப் பிள்ளையும் அதன் பொருட்டுத் தலைகுனிய நேரக் கூடாது. முதலில் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். பதிவேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தலைமை என்றால் முன்னால் நின்று உத்தரவிடுவது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். தெரியாததைத் தெரியாது என்று முதலில் சொல்லி, மற்றவர்களோடு பெஞ்சில் உட்காருவதும் தலைமைதான் என்று அந்தச் சனிக்கிழமை கற்றுக்கொண்டேன். நம் பள்ளியில் முதல் வகுப்பு தொடங்கும் நாளில் எனக்கும் ஓர் இடம் வைத்திருங்கள். கற்றதில் பாதியை மறந்துவிட்டேன்.

இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.