கையகப்பட்ட கதிர்க்குருவி

காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் இருப்புப்பாதையில், சித்தூருக்கு அப்பால் இருப்பது பாகாலாச் சந்திப்பு. தருமாவரம் செல்லும் பாதை பிரியும் இடம் அது. மார்கழி, தை மாதங்களில் அவ்வட்டாரத்துப் புதர்களின் பக்கம் செவி சாய்த்தால், ‘செக், செக்’ என்ற ஒலி கேட்கக்கூடும். அது பிளித் நாணற் கதிர்க்குருவியின் குரல். கிழக்கு ஐரோப்பா முதல் மத்திய ஆசியா வரை குஞ்சு பொரித்து, குளிர்காலத்தை நம் நாட்டில் கழிக்க வரும் சிறு பறவை அது. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அது ஒருவகையில் உறவுதான்.

நாணற் கதிர்க்குருவிகளுள் பல இனங்கள் உண்டு. பெரும்பாலும் எல்லாம் மங்கிய பழுப்பு நிறம். கண்ணால் மட்டும் கண்டு பிரித்தறிவது கடினம். ஆகவே அறிஞர்கள் நுண்ணிழை வலையை விரித்துப் பிடிக்கிறார்கள். அலகு, சிறகு, வால் ஆகியவற்றை அளந்து, எடையிட்டு, எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைக் காலில் இட்டு விடுவிக்கிறார்கள். நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியை 1927-இல் தொடங்கியது. 1959 முதல் டாக்டர் சாலிம் அலியின் தலைமையில் அது விரிவடைந்தது. நம் கோடியக்கரையும் அதன் முக்கிய களங்களுள் ஒன்று.

இவ்வாறு அளந்து பார்ப்பதால் விளையும் நன்மைக்கு ஒரு சான்று காண்போம். 1867-இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ராம்பூர் அருகே, ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஒரு கதிர்க்குருவியைச் சேகரித்தார். பின்னாளில் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்தவர் அவரே. அலகு நீண்டும் சிறகு குறுகியும் இருந்த அந்த ஒரே உடல், இங்கிலாந்தின் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டது. அது தனி இனமா, வேறோர் இனத்தின் விதிவிலக்கான பறவையா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 2002-இல் வெளியான மரபணு ஆய்வு, அது தனி இனமே என்று காட்டியது. ஆனால் உயிருள்ள பறவை எங்கே?

2006 மார்ச் 27-ஆம் நாள், தாய்லாந்தில் பாங்காக்கிற்குத் தென்மேற்கேயுள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பிலிப் ரவுண்ட் என்ற அறிஞர் பறவைகளுக்கு வளையமிட்டுக்கொண்டிருந்தார். வலையில் வந்த ஒரு குருவி, பிளித் குருவியைப் போலிருந்தும், அலகின் நீளத்தாலும் சிறகின் குறுக்கத்தாலும் வேறுபட்டது. அவர் படமெடுத்து, இரண்டு இறகுகளை எடுத்துக்கொண்டு, பறவையைப் பறக்கவிட்டார். இறகுகள் சுவீடனில் ஆராயப்பட்டன. ஹியூமின் பறவையோடு மரபணு பொருந்தியது. நூற்று முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை அது!

அடுத்து மற்றொரு வியப்பு. அதே அருங்காட்சியகத்தில், பிளித் குருவிகள் என்று பெயரிட்டு வைத்த இழுப்பறையிலேயே இரண்டாவது உடல் கண்டறியப்பட்டது. அதுவும் 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் கிடைத்ததே. பின்னர் ஆப்கானிஸ்தானத்தின் வாக்கான் பகுதியில் இவ்வினம் இனப்பெருக்கம் செய்வது 2009-இல் தெளிவாயிற்று.

பழக்கமான பெயருக்குள் பழகாத உயிர் மறைந்திருக்கக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது. பறவை பிடித்தல் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளரின் பணி. நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. காலில் வளையமுடைய இறந்த பறவை எங்கேனும் கண்ணிற்பட்டால், வளையத்திலுள்ள எண்ணையும், கண்ட இடத்தையும், நாளையும் அவ்வளையத்தில் பொறித்துள்ள கழகத்துக்கு எழுதுவோமாக. ஒரு அஞ்சலட்டை, ஒரு சிற்றுயிரின் நெடும்பயணத்தை உலகுக்கு அறிவிக்கும்.