தோற்ற பிறகு போனை வைக்க முடிகிறதா?



ஹாஸ்டலில் விடிய விடிய கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடியவன் நான். "விளையாடாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் செஸ்ஸோடு ஈ-ஸ்போர்ட்ஸுக்கும் பதக்கம் தந்தாங்களே!

அப்போ கோளாறு எங்கே? வீட்டில் மணிக்கணக்கு பார்ப்பாங்க. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் (2022 ஜனவரி முதல் நடைமுறை) அதைப் பார்க்கவில்லை. நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, மற்றதெல்லாம் பின்னுக்குப் போச்சா, கெடுதல் தெரிந்தும் தொடருதா? இது சுமார் 12 மாதம் நீடித்து, படிப்பும் வீடும் கெட்டால்தான் நோய்.

எனக்கு ஐந்தாம் செமஸ்டரில் இரண்டு அரியர். அதைவிடப் பயமுறுத்தியது வேறு: ஜெயித்தாலும் சந்தோஷமில்லை, தோற்றால் தூக்கமில்லை. 'இன்னும் ஒரே ரவுண்டு' என்றே விடியும். பக்கத்து அறை நண்பன் என்னைவிட நன்றாகவே ஆடுவான். ஆனால் ஏழு மணியானால் எழுந்து பீச் ரோடு பக்கம் நடக்கப் போய்விடுவான். தோற்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வான். எனக்கு அந்தச் சிரிப்பு வரவே இல்லை.

தம்பிகளே, இன்னிக்கு ராத்திரி தோற்றவுடனே போனை வைத்துப் பாருங்க. முடிந்தால் நாளைக்குத் தைரியமா ஆடுங்க. பல நாள் முயன்றும் முடியலேன்னா, கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கு. கூட வர ஆள் வேணும்னா நான் வர்றேன்.