டயாலிசிஸ் நடக்கிற வீட்டுக்கு நம்ம குழு என்ன செய்யலாம்?

(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

என் வீட்டுக்காரருக்கு மூணு வருஷமா டயாலிசிஸ் நடக்குது. அந்த அனுபவத்துல தெரிஞ்சதைச் சொல்றேன்.

நல்ல சிறுநீரகம் ராப்பகலா, வாரத்துக்கு 168 மணி நேரமும் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுது. அது செயலிழந்துட்டா மெஷின் அந்த வேலையைச் செய்யணும். வாரம் மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம்தான். மீதி நேரம் சேருற நீரும் கழிவும் உடம்புலயே தங்கும். எங்க வீட்டுக் கட்டுப்பாடு எல்லாத்துக்கும் காரணம் இதுதான்.

முதல்ல தண்ணி. சிறுநீர் சரியாப் போகாதவங்களுக்கு டாக்டர் அளவு சொல்லுவாங்க. என் வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஒரு லிட்டர். டீ, மோர், ரசம் எல்லாம் அதுல அடக்கம். காலையில ஒரு பாட்டில்ல அளந்து வெச்சிடுவேன். ஒரு டீ குடிச்சா அந்த அளவு தண்ணியைப் பாட்டில்ல இருந்து எடுத்துடுவேன். அளவு மீறினா கால் வீங்கும், மூச்சு முட்டும். சித்திரை வெயில்ல அந்தப் பாட்டிலைப் பார்க்கவே பாவமா இருக்கும்.

அடுத்தது சாப்பாடு. உப்பு குறைக்கணும், ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. இளநீர்ல, வாழைப்பழத்துல பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்துல ஏறினா இதயமே நின்னு போகலாம். பார்க்க வர்றவங்க அன்பா இளநீர் வாங்கிட்டு வர்றீங்க. வெறுங்கையோட வந்து கொஞ்ச நேரம் பேசிட்டுப் போங்க, அது போதும்.

டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கையில பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. மூட்டை தூக்கின மனுஷன் இப்ப குடம்கூடத் தூக்கறதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் பண்ணிக்கிறோம். ஆனா அவர் கூலியும் போச்சு. கூடப் போற எனக்கும் வாரத்துல மூணு நாள் கூலி போச்சு.

எங்க குழுக் கூட்டம் செவ்வாய்க்கிழமை. டயாலிசிஸும் செவ்வாய், வியாழன், சனி. தொடர்ந்து வர முடியலை. விலகிடலாம்னு சொன்னேன். குழு என்ன செஞ்சது தெரியுமா? கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாத்தித் தீர்மானப் புத்தகத்துல எழுதிட்டாங்க. என் சேமிப்பும் நிக்கலை, உள்கடன் வாங்குற உரிமையும் போகலை.

எல்லாக் குழுவுக்கும் என் வேண்டுகோள் மூணு. ஒண்ணு, இப்படி ஒரு வீடு இருந்தா கூட்ட நாளையும் தவணை நாளையும் அவங்களுக்கு ஏத்த மாதிரி வைங்க. ரெண்டு, மாசத்துல ஒரு நாளாவது ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்க. அன்னிக்கு அந்த வீட்டுப் பொண்ணு வேலைக்குப் போகட்டும், இல்லேன்னா தூங்கட்டும். மூணு, நம்ம உடம்பு. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கிற பெரிய காரணங்கள். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற தன்னார்வலர் நம்ம குழுப் பொண்ணுதான். "அப்புறம் பார்க்கலாம்"னு அனுப்பிடாதீங்க. வலி மாத்திரையை டாக்டர் சொல்லாம கடையில வாங்கித் தொடர்ந்து போடாதீங்க.

கடன் வாங்கிக் கட்டுறதுக்கு மட்டும் நாம குழு சேரலை. அடுத்த கூட்டத்துலயே இதைப் பேசி, தீர்மானமா எழுதுங்க.