பிள்ளை முதுகில் மருந்து டேங்க் வேண்டாம்

'சொந்தக் கீரைத் தோட்டத்துல நம்ம புள்ள வேலை செய்றதும் குத்தமா, ஐயா?' என்று கள்ளிக்குப்பத்தில் ஒரு பெரியவர் கேட்டார். குற்றமில்லை. பள்ளி விட்டு வந்து தண்ணீர் பாய்ச்சட்டும். 2016-ல் திருத்திய சட்டமும் அனுமதிக்கிறது. படிப்புதான் கெடக்கூடாது.

மருந்து டேங்க்கை மட்டும் பிள்ளை முதுகில் ஏற்றாதீர்கள். பூச்சிமருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். சின்ன உடம்புக்குக் கொஞ்சம் போனாலே ஆபத்து.

கூலிக்கு வைப்பது வேறு. 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு அமர்த்தினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தடை தேவைதானா என்பீர்கள். பிள்ளை மலிவாகக் கிடைத்தால் பெரியவருக்கு யார் நியாயமான கூலி கொடுப்பார்? அப்படி எங்காவது பிள்ளைகளைக் கண்டால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.