வெளிநாட்டுச் சுற்றுலா: எங்கே, எப்போது, எவ்வளவில்?

(புனேயில் நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் செயலாளர் என்னைப் பார்த்து, "மாமா, நீங்கள் நாலு தேசம் சுற்றினவர். எந்த நாட்டுக்குப் போகலாம், என்ன செலவாகும் என்று நம் மெம்பர்களுக்கு அரை மணி நேரம் பேசுங்களேன்" என்றார். சுற்றினவன்தான். அதில் ஏழு தேசங்களை ஒரே மூச்சில் பன்னிரண்டு நாளில் சுற்றினேன். அதைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்து வானிலைத் துறையில் சேர்ந்தவன். கடைசிப் பதினைந்து வருஷம் இங்கே சிவாஜி நகர் சிம்லா ஆபீஸில்தான் உத்தியோகம். 2009-இல் ரிடையர் ஆனேன். பெண் கல்யாணமும் பிள்ளை கல்யாணமும் முடிந்து கையில் கொஞ்சம் பணம் நின்றபோது எங்கள் ஃப்ளாட்டில் ஒருவர் ஐரோப்பா போய் வந்து ஆல்பம் காட்டினார். உடனே எனக்கும் ஆசை வந்துவிட்டது. நாலு டிராவல் கம்பெனிகளின் நோட்டீஸ்களை வாங்கி வந்து, ஆபீஸ் பழக்கத்தில் ஒரு அட்டவணை போட்டேன். எத்தனை நாடு, எத்தனை ராத்திரி, எத்தனை வேளை வெஜிடேரியன் சாப்பாடு, எத்தனை கிலோ சாமான், ஒரு நாட்டுக்குச் சராசரி எத்தனை ரூபாய், எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. என் மனைவிக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. அவளை நான் கேட்கவும் இல்லை. ஏழு நாடு வருகிற டூரைத் தேர்ந்தெடுத்தேன்.

2012 ஜூன் மாதம் கிளம்பினோம். பாரிஸில் ஆரம்பித்து ரோமில் முடிகிற டூர். அந்த மாதத்தில் பாரிஸில் சூரியன் அஸ்தமிக்க ராத்திரி பத்து மணி ஆகிறது. டூர்காரர்கள் ஏழு மணிக்கே சாப்பாடு போட்டுவிடுவார்கள். சாயங்கால சந்தியாவந்தனத்தைச் சாப்பாட்டுக்கு முன் பண்ணுவதா பின் பண்ணுவதா என்று கூட வந்த ஒரு மாமா தினமும் என்னைக் கேட்பார். வானிலைத் துறைக்காரனிடம் அதற்குப் பதில் இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் டிட்லிஸ் மலைக்குக் கேபிள் காரில் அழைத்துப் போனார்கள். மேல் ஸ்டேஷன் 3,020 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். ஹைட்ரஜன் பலூன் விட்டு மேல்காற்றின் அழுத்தத்தை அளந்து சம்பளம் வாங்கினவன் நான். ஆனால் அங்கே போனவுடன் பனியைக் கண்ட குழந்தை மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது என் மனைவி முகம் வெளுத்துப் போய் ஒரு பெஞ்சில் சாய்ந்திருந்தாள். யாரோ ஒரு குஜராத்தி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். தலைசுற்றல், வாந்தி. அவளுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு என்பது எனக்குத் தெரியாததா? கீழே இறங்கினதும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஊருக்கு வந்த பிறகு டைரியைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு நாளில் பஸ்ஸில் மட்டும் உட்கார்ந்திருந்தது 61 மணி நேரம். பீசா கோபுரத்துக்குக் கிடைத்தது நாற்பது நிமிஷம். லூவ்ர் மியூசியத்தை பஸ் ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். இருவருக்குமாகச் செலவு மூன்றரை லட்சம். என் மனைவி குறையாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காப்பி கொடுக்கும்போது மட்டும், "ஏன்னா, எல்லாத்தையும் பாத்தோம். எங்கேயாவது ஒரு இடத்துல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்தோமா?" என்றாள்.

அப்போதுதான் முதல் தடவையாக, "சரி, உனக்கு எங்கே போகணும்?" என்று கேட்டேன். பீரோவிலிருந்து ஒரு பழைய பைலை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கு முன் ஏதோ வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்த அங்கோர் வாட் படம். நாற்பது வருஷமாக என் வீட்டு பீரோவில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

2019 ஜனவரியில் கம்போடியா போனோம். டூர் கம்பெனி கிடையாது. பாங்காக் வழியாக சியாம் ரீப். எட்டு ராத்திரியும் ஒரே ஓட்டல், ஒரே டுக்டுக்காரர். அங்கோர் கோயில்களுக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில் உபயோகிக்க வேண்டும் என்பதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். நம் வயதுக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா? ஒரு நாள் கோயில், மறுநாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டோம்.

அங்கோர் வாட் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூர்யவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில். மேற்குப் பார்த்த வாசல். கிழக்குப் பிராகாரச் சுவரில் ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிற சிற்பம். ஒரு பக்கம் அசுரர்கள், ஒரு பக்கம் தேவர்கள், நடுவில் மகாவிஷ்ணு, கீழே கூர்மம். காலை வெயில் உள்ளே வருகிற நேரத்தில் போனோம். என் மனைவி தேவர்களை ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்தாள். நாற்பது வரை எண்ணிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேல் கோபுரத்துக்குப் படிகள் மிகவும் செங்குத்து. அன்றைக்கு நானும் ஏறவில்லை, இன்னொரு நாள் போய் ஏறிவிட்டு வந்தேன். 1986 முதல் 1993 வரை இந்தக் கோயிலைப் பழுது பார்த்தவர்கள் நமது தொல்லியல் துறையினர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்தது. ஐரோப்பாவுக்கு ஆனதில் பாதிகூட இல்லை. அப்போது விமான நிலையம் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. 2023 அக்டோபரில் திறந்த புதியது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, வண்டிக்கூலிக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த, கசங்கிய டாலர் நோட்டை அங்கே தொடமாட்டார்கள். புது நோட்டாக வாங்கிப் போக வேண்டும். சாப்பாட்டு விஷயம்: அவர்கள் சமையலில் மீன் விழுது எதில் கலக்கும் என்று சொல்ல முடியாது. இந்திய ஓட்டல்கள் இருக்கின்றன. நாங்கள் சின்ன குக்கரும் அரிசியும் பருப்புப் பொடியும் கொண்டுபோனோம். இதையே ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குச் செய்யாதீர்கள். அங்கே சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம்.

எல்லோரும் அங்கோருக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. என் மைத்துனரை அங்கே விட்டால் இரண்டாம் நாளே திரும்பி வந்துவிடுவார். அவருக்கு மனுஷா வேண்டும். பஸ்ஸில் அந்தாக்ஷரி பாட வேண்டும், நாற்பது பேரோடு பேச வேண்டும். நான் போன அதே மாதிரி ஐரோப்பா டூருக்கு அவர் போய்விட்டு, தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்கிறார். அவருக்கு அது சரியான டூர், எனக்கு வாங்கினதுதான் தப்பு.

உங்கள் ருசி என்ன என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. புனேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை, வேலையும் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? லக்ஷ்மி ரோடில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்கு பாங்காக், துபாய், சிங்கப்பூர். சிங்ககட் ஏறுகிறவர்கள் இன்னும் தெம்பு இருக்கும்போது பூட்டான் போய்விட வேண்டும். அங்கே நம் ரூபாய் செல்லும், விசா கிடையாது. ஆனால் 2022 செப்டம்பர் முதல் இந்தியர்களுக்கு ஒரு ராத்திரிக்குத் தலைக்கு 1,200 ரூபாய் கட்டணம் வைத்திருக்கிறார்கள். கோயில் சிற்பம் என்றால் அங்கோர், ஜாவாவில் பிரம்பனான், வியட்நாமில் மீ சோன். முக்திநாத் போக ஆசைப்படுகிறவர்கள் அது 3,700 மீட்டருக்கு மேல் என்பதை மறக்க வேண்டாம். டிட்லிஸை விட உயரம். போகுமுன் டாக்டரிடம் கேளுங்கள், வழியில் ஒரு ராத்திரி தங்கி ஏறுங்கள்.

அமெரிக்கா போகவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று தடவை போனேன். அது சுற்றுலா இல்லை, பிரசவ டியூட்டி. ஆனால் அந்த டிக்கெட்டிலேயே ஒரு வழி உண்டு. போகும்போதோ வரும்போதோ விமானம் மாறுகிற ஊரில் இரண்டு மூன்று நாள் இறங்கித் தங்க அனுமதிக்கிற டிக்கெட்டாகப் பார்த்து வாங்கினால், அதிகப்படி விமானச் செலவு அநேகமாக இருக்காது. நாங்கள் சிங்கப்பூரை அப்படித்தான் பார்த்தோம். இருபது மணி நேரப் பயணமும் இரண்டாக உடைந்தது, முழங்காலுக்கு நல்லது.

இப்போது என் சொந்த சப்ஜெக்டுக்கு வருகிறேன். "ஆஃப் சீசன், பாதி விலை" என்று விளம்பரம் பார்த்தால், ஏன் பாதி விலை என்று கேளுங்கள். துபாயில் ஜூலையில் ரூம் மலிவாக இருப்பதற்குக் காரணம் 40 டிகிரிக்கு மேல் வெயில். வியட்நாமில் டா நாங், ஹோய் ஆன் பக்கம் அக்டோபர், நவம்பரில் மலிவு. அந்தக் கடற்கரைக்கு அப்போதுதான் மழைக்காலம், நம் சென்னை மாதிரி. நாள் கணக்கில் விடாமல் பெய்து வெள்ளம் வரும். மாரிஷஸில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை புயல் பயம். இவை எல்லாம் வாங்கக் கூடாத மலிவு.

வாங்கக்கூடிய மலிவும் உண்டு. கம்போடியாவில் மே முதல் அக்டோபர் வரை மழைதான், ஆனால் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் கொட்டும். செப்டம்பர், அக்டோபரைத் தவிர்த்துவிட்டு ஜூன், ஜூலையில் போனால் காலையில் கோயில் பார்த்துவிட்டு மத்தியானம் தூங்கலாம், கூட்டமும் குறைவு. பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை, ஏப்ரலிலும் மே மாதத்திலும் வானம் தெளிந்து, ஜூலை கூட்டம் வருமுன் விலை கொஞ்சம் இறங்கியிருக்கும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருப்பதால் அங்கே சீசன் பார்ப்பதில் பெரிய லாபம் இல்லை.

பணத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. டிராவல் கம்பெனியிடம் வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். 2020 அக்டோபரில் வந்த ஏற்பாடு, அதன் விகிதத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள். அது வரிக்கு முன்பணம்தான். ரசீதை வைத்திருந்து வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். நம்மில் பலர் அதை டூர் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஆஸ்பத்திரிப் பில் முழுவதையும் கையிலிருந்து கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில இருமல், வலி மருந்துகளுக்குத் துபாயில் கட்டுப்பாடு உண்டு. விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அதை நான் சொல்லப் போவதில்லை, அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

எனக்கு இப்போது 76. என் மனைவிக்கு 71, போன வருஷம் இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. இந்தத் தடவை நான் அட்டவணை போடவில்லை. அவளே சொல்லிவிட்டாள்: கடல் தெரிய வேண்டும், தமிழ் பேச வேண்டும், ஒரு கோயில் இருக்க வேண்டும், விமானம் நீளமாக இருக்கக் கூடாது. திருகோணமலை என்று முடிவு செய்திருக்கிறோம். இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி பக்கம்தான். கிழக்குக் கரையில் அப்போது வெயிலும் அமைதியான கடலும். அதனால் ஜூலை. ஓட்டலில் கீழ்த்தளத்தில் அறை கேட்டு எழுதியிருக்கிறேன். கோணேஸ்வரம் கோயிலுக்கு வண்டி எதுவரை போகும், அதற்கு மேல் எத்தனை படி என்பதுதான் இன்னும் தெரியவில்லை. உங்களில் யாராவது போய் வந்திருந்தால், டிபன் சாப்பிடும்போது என் மனைவியிடம் சொல்லுங்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.