மழைக்காலத்து வண்டியும் எண்ணெய்க் கசிவும்



மேலை நாடுகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் போற்றி வைத்திருப்போர், பனிக்காலம் வந்ததும் அவற்றைக் கொட்டகையில் பூட்டிவிடுவார்கள். பனியை உருக்குவதற்காகச் சாலையில் தூவும் உப்பு, வண்டியின் இரும்பை அரித்துவிடும் என்பது அவர்கள் கவலை. தாமிரபரணிக் கரையில் நமக்குப் பனி இல்லை. ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை உண்டு. ஆகவே இங்கும் பழைய கார்கள் இரண்டு மூன்று மாதம் ஓய்வு கொள்கின்றன. அப்படி நிற்கும் வண்டியின் அடியில் ஒருநாள் கருநிறத் துளி ஒன்று தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று அறிவது எவ்வாறு? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

சீவலப்பேரியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட வண்டி அது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே அதன் மூலம். அந்த ஹெரால்டின் உறுப்புகளைக் கொண்டே 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரும் பிறந்தது. இரண்டுக்கும் உருவம் வகுத்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிச்செலோட்டி. ஆகையால் ஒன்றின் நோயும் மருந்தும் பெரும்பாலும் மற்றொன்றுக்கும் பொருந்தும்.

2023ஆம் ஆண்டு மழை தொடங்கிய சமயம், பெரியவரின் காருக்கடியில் எண்ணெய் சொட்டியது. என்ஜினும் கியர் பெட்டியும் சேருமிடத்தில் துளி தொங்கிற்று. பார்த்த தொழிலாளி ஒருவர், பின்பக்கச் சீல் போய்விட்டது, அனைத்தையும் கழற்ற வேண்டும் என்றார். செலவை எண்ணிப் பெரியவர் மலைத்துப் போனார். வண்டியை விற்றுவிடலாமா என்றுகூடக் கேட்டார்.

ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். மழைநீர் சொட்டுகின்ற இடத்துக்கு நேர் மேலேயே ஓடு உடைந்திருக்கும் என்பதில்லை. எங்கோ நுழைந்த நீர், கைமரத்தின் வழியே ஓடி வந்து, வேறோரிடத்தில் சொட்டும். என்ஜின் எண்ணெயும் அப்படித்தான். ஆதலால் சொட்டுமிடத்தைக் கண்டு தீர்ப்புக் கூறலாகாது.

முதலில், துளி எத்தகையது என்று பார்க்க வேண்டும். வண்டிக்கடியில் அட்டை ஒன்றை விரித்து, முன்பக்கம் எது என்று குறித்து வையுங்கள். மறுநாள் அட்டையே பேசும். கறுத்த எண்ணெயாயின் என்ஜினுடையது. தடித்து, கந்தக வாடை வீசினால் கியர் பெட்டியினுடையதோ, பின் அச்சினுடையதோ ஆகலாம். நீர்த்து வழுவழுப்பாய், பட்ட வர்ணத்தைக் கரைப்பதாயின் அது பிரேக் திரவம்; அதனை ஒருநாளும் அலட்சியம் செய்யலாகாது.

இரண்டாவதாக, எப்பொழுது கசிகிறது என்று கவனியுங்கள். ஓடும்போது மட்டும் கசிந்தால், எண்ணெய் அழுத்தத்தோடு பாயும் இடங்களான ஃபில்டரையும் அழுத்தம் காட்டும் சுவிட்சையும் பாருங்கள். நிறுத்திய ஓரிரு நாள் சொட்டிவிட்டு நின்றுபோனால், மேலே தங்கிய எண்ணெய் வடிகிறது என்று பொருள். நாள்தோறும் ஓயாமல் சொட்டினால், எண்ணெய் மட்டத்துக்குக் கீழேயுள்ள வடிதிருகையோ, சம்ப் கேஸ்கட்டையோ ஐயுறலாம். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கி அடித்து எங்கும் பூசிவிடுகிறது; நிற்கும் வண்டியிலோ எண்ணெய் நேரே கீழ்நோக்கி வடிகிறது. ஆகவே நோயை அறிய இந்த ஓய்வுக்காலமே ஏற்ற காலம்.

மூன்றாவது, தடம் காண்பது. என்ஜின் குளிர்ந்திருக்கையில், நெருப்பு அருகில்லாத இடத்தில், மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பழைய அழுக்கைக் கழுவுங்கள். நன்றாக உலர்ந்தபின் முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். பிறகு வாயிற்கதவைத் திறந்துவைத்து, சிறிது நேரம் என்ஜினை ஓட்டி நிறுத்துங்கள். வெண்தூளில் ஈரக்கோடு எழும். அதன் அடியைப் பாராதீர்கள், தலையைத் தேடுங்கள். ஹெரால்டின் பானெட் முழுவதும் முன்புறமாகக் கவிழ்வதால், முன்சக்கரத்தின்மீது அமர்ந்தே இதனைச் செய்யலாம்.

பெரியவரின் காரில் அந்தக் கோடு மேலேயிருந்து, வால்வு மூடியின் பின்மூலையிலிருந்து இறங்கிற்று. அங்கிருந்த கார்க் கேஸ்கட் காய்ந்து இறுகியிருந்தது. என்ஜினின் மூச்சுக்குழாயையும் பார்த்தோம். குளவி மண்கூடு கட்டி அதைப் பாதி அடைத்திருந்தது. உள்ளே சேரும் ஆவிக்கு வழியில்லாவிடின், அது எண்ணெயைக் கேஸ்கட்டின் வழியே தள்ளும். கூட்டை அகற்றி, புதிய கார்க் வைத்தோம். கசிவு நின்றது. எதையும் பிரிக்கவில்லை.

கசிகிறதே என்று திருகுகளை மேலும் மேலும் முறுக்குவது பலருக்கு வழக்கம். மெல்லிய தகட்டு மூடி அதனால் வளைந்து, கசிவு பெருகுமேயன்றிக் குறையாது.

ஒரு துளிக்காக இத்தனை பாடா என்று நீங்கள் கேட்கலாம். சிற்றாறு தாமிரபரணியோடு கூடும் இடம் சீவலப்பேரி. இங்கிருந்து எடுக்கப்படும் ஆற்றுநீர் கோவில்பட்டி வரை குடிநீராகச் செல்கிறது. பெரியவரின் கொட்டகைத் தரை ஆற்றை நோக்கியே சரிந்திருக்கிறது. அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது. வெள்ளம் அந்தக் கொட்டகைக்குள்ளும் நுழைந்தது. நல்ல வேளையாக, தரையில் எண்ணெய் இல்லை. பழைய எண்ணெய் மூடிய டின்னில் பரண்மீது இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் அவர் வண்டியைக் கிளப்ப அவசரப்படவில்லை. எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் என்ஜினைச் சுழற்றுவது அதனைக் கெடுப்பதாகும். கம்பியில் எண்ணெய் தெளிவாகவே இருந்தது. அதன் பிறகே சாவியைத் திருப்பினார்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் வண்டிக்கடியிலும் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காராயினும், தோட்டத்து ஆயில் என்ஜினாயினும் முறை ஒன்றுதான். துளியைக் கண்டதும் கருவிப்பெட்டியைத் தேடாமல், துளி வந்த வழியைத் தேடுங்கள். உங்கள் பணமும் மிஞ்சும்; ஆற்றுநீரும் மாசுபடாது.