விதைத்தவர் காணா விளைச்சல்



'உழைத்தேன், பயன் எங்கே?' என வினவுவோர், நம் ஆலங்காயத்தை அடுத்துள்ள சவ்வாது மலைக் காவலூரை நோக்குக. வானியல் அறிஞர் வைணு பாப்பு, 1968இல் ஆங்கே 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றோடு ஆய்வைத் தொடங்கினார். 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. அத்துடன் அமையாது, 2.34 மீட்டர்த் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே உருவாக்க முனைந்து உழைத்தார். 1982இல் அவர் மறைந்தார். அது திறக்கப்பெற்றதோ 1986இல். இன்று அது தாங்கி நிற்பது அவர் பெயரை. அதன்வழி விண்மீன் காண்போர் பிறர்.

ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பயன் வருங்காலம் நம் கையில் இல்லை. வினை நம் கையில் உளது. மதிப்பெண்ணும் பணியும் வரும் நாளை எண்ணி வாளா இராதீர். இன்றைய பாடத்தை இன்றே முடிமின்!